மொட்டை மாடியில் ஷீட் போட்டால் ஒழுகல் நிற்குமா, புயலில் ஷீட் நிற்குமா?

கடலூரில் கடற்கரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்குள் வீடு. 1996-ல் கட்டியது. 800 சதுர அடி மொட்டை மாடி, மழைக்காலத்தில் தளம் ஒழுகுகிறது. ஷெட் போட வந்த பட்டறைக்காரர் 0.40 மி.மீ. கன ஷீட் போதும், 2 இன்ச் பைப் போதும், கைப்பிடிச் சுவர் மேலேயே கால்களை நிறுத்திவிடலாம், உயரம் 10 அடி வைத்தால் காற்றோட்டமாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறார். எந்த கம்பெனி ஷீட் நல்லது, எத்தனை வருடம் வரும், வெயிலுக்கு எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதை இன்னொரு முறை படித்தால், உண்மையில் தெரிந்துகொள்ள நினைப்பது மூன்று: ஒழுகல் நிற்குமா, உப்புக் காற்றை ஷீட் தாங்குமா, அடுத்த புயலில் அது பக்கத்து வீட்டு மேல் போய் விழாமல் இருக்குமா. கம்பெனிப் பெயர் இரண்டாவது கேள்விக்கு மட்டும்தான் உதவும், அதுவும் பாதிதான்.

நான் சிவில் படித்தவன். கடலோர மாவட்டங்களில் ஷெட், கூரை வேலைகளை வடிவமைப்பதும் மேற்பார்வை பார்ப்பதும்தான் தொழில். உங்கள் வீட்டை நான் பார்க்கவில்லை, தளத்தின் தரமும் தெரியாது. அதனால் எதை உறுதியாகச் சொல்ல முடியுமோ அதை உறுதியாகச் சொல்கிறேன். நேரில் பார்த்தால்தான் தெரியும் என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒழுகல். தளத்தில் மழை விழாமல் செய்தால் ஒழுகல் பெருமளவு நிற்கும், இதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஷீட் போடும் முன் வீட்டுக்குள் போய் மேற்கூரையை அண்ணாந்து பாருங்கள். ஈரக்கறை மட்டும் இருக்கிறதா, அல்லது கம்பி ஓடும் திசையிலேயே நேர்க்கோடாக விரிசல் விட்டு, துருக்கறையோடு காரை பெயர்ந்து விழுந்திருக்கிறதா? கறை மட்டும்தான் என்றால் ஷீட் நல்ல தீர்வு. கம்பி துருப்பிடித்துக் காரை விழுகிற நிலை என்றால், ஷீட் அந்த நோயை மூடி மறைக்கும், குணப்படுத்தாது. கான்கிரீட்டுக்குள் ஏற்கெனவே இறங்கிய உப்பு அங்கேயேதான் இருக்கும். கடலோரக் காற்றில் இருக்கும் ஈரமே அந்தத் துரு மேலும் வளரப் போதும். அப்படிப்பட்ட தளத்தின் மேல் புதிதாக ஒரு ஷெட்டை நிறுத்துவதும் சரியில்லை. முதலில் தளத்தைச் சரிசெய்யுங்கள், கூரை அப்புறம். இன்னொன்று: பக்கங்கள் திறந்த ஷெட்டில் சாரல் உள்ளே வரும். வடகிழக்குப் பருவமழையில் காற்றோடு சாய்ந்து அடிக்கிற மழை, ஓரத்திலிருந்து நாலைந்து அடி வரைக்கும் தாராளமாக நனைக்கும். ஆகவே மாடியில் இருக்கும் தண்ணீர் வாட்டத்தையும் வடிகுழாய்களையும் அப்படியே விட்டுவையுங்கள். ஷீட்தான் வந்துவிட்டதே என்று குழாய் வாயில் பழைய சாமான்களை அடுக்கிவிட்டு, மறுபடி ஒழுகுகிறது என்று கூப்பிடுபவர்கள் நிறைய.

இனி காற்று. இந்தப் பதிலில் நான் அதிக நேரம் செலவிடப் போவது இங்கேதான், ஏனென்றால் உங்கள் பட்டறைக்காரர் சொன்னதில் எனக்குக் கவலை தருவது 0.40 ஷீட்டை விடக் கைப்பிடிச் சுவர்தான்.

கூரை என்றால் அது மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்க வேண்டும் என்றுதான் நாம் நினைப்போம். ஷீட் கூரையில் கணக்கு தலைகீழ், காற்று அதை மேலே தூக்காமல் பிடித்து வைப்பதுதான் வேலை. ஷீட்டின் எடை சதுர மீட்டருக்கு 5 கிலோவுக்கும் கீழே. பைப்பையும் சேர்த்தால் 15 கிலோ வரலாம். காற்றுச் சுமைக்கான இந்தியத் தர நூல் ஐஎஸ் 875, மூன்றாம் பாகம். அதில் அடிப்படைக் காற்று வேகம் மதுரைக்கும் கோவைக்கும் நொடிக்கு 39 மீட்டர், திருச்சிக்கு 47, சென்னைக்கு 50. உங்கள் கடலோரப் பட்டையையும் 50 என்று எடுத்துத்தான் வடிவமைக்க வேண்டும். அது மணிக்கு 180 கிலோமீட்டர். காற்றழுத்தத்துக்கான சூத்திரம் எளியது: வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று வரும். 50-க்கு 1500 நியூட்டன், அதாவது சதுர மீட்டருக்கு 150 கிலோ. கூரையின் சாய்வு, பக்கங்கள் திறந்தவையா மூடியவையா, ஓரமா நடுவா என்பதைப் பொறுத்து இது கூடும், குறையும். ஓரங்களிலும் மூலைகளிலும் கூடத்தான் செய்யும். தோராயமாகப் பார்த்தாலும், தன் எடையைப் போல ஏழெட்டு மடங்கு விசை அந்தக் கூரையை மேல்நோக்கி இழுக்கிறது. 10 அடிக்கு ஒரு கால் என்று நிறுத்தினால் நடுவில் இருக்கும் ஒவ்வொரு காலின் பங்குக்கும் 100 சதுர அடி வரும். ஒரு டன்னுக்கும் மேல் அந்தக் காலைப் பிடுங்கி எடுக்கப் பார்க்கும். நான்கு இன்ச் செங்கல் கைப்பிடிச் சுவர் அந்த இழுப்புக்கு ஒரு பொருட்டே இல்லை. சாந்துப் பிடிப்பில் நிற்கும் செங்கல் இழுவிசையைத் தாங்கவே தாங்காது.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் உங்கள் ஊருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது. 2018 நவம்பர் 16-ல் கஜா வேதாரண்யம் பக்கம் கடந்தது. இரண்டுக்கும் பிறகு பல ஊர்களில் சேதம் பார்க்கப் போனேன். பிய்ந்த ஷெட்கள் மூன்று வகையாகப் பிய்ந்திருந்தன. சில இடங்களில் பைப்பும் பர்லினும் (ஷீட்டைத் தாங்கக் குறுக்கே ஓடும் சட்டம்) அப்படியே நிற்கும், ஸ்க்ரூகளும் வரிசையாக இருக்கும், ஷீட் மட்டும் ஸ்க்ரூத் தலையைச் சுற்றிக் கிழிந்துகொண்டு போயிருக்கும். அங்கே ஷீட் மெல்லிசு, அல்லது ஸ்க்ரூ போதவில்லை. சில இடங்களில் ஷீட்டும் பர்லினும் சேர்ந்தே போயிருக்கும், காலின் உச்சியில் பொட்டு வைத்த மாதிரி இரண்டு இடத்தில் மட்டும் வெல்டிங் தெரியும். மூன்றாவது வகையில் முழு ஷெட்டும் குடை போலத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் கவிழ்ந்து கிடக்கும். காலின் அடியில் இருக்கும் இரும்புத் தகடான பேஸ் பிளேட்டைத் திருப்பிப் பார்த்தால் போல்ட்டோடு ஒட்டிக்கொண்டு வந்திருப்பது தட்டோடும் சுண்ணாம்புச் சுருக்கியும்தான், கான்கிரீட்டே இருக்காது. ஷீட்டிலிருந்து ஸ்க்ரூ, ஸ்க்ரூவிலிருந்து பர்லின், பர்லினிலிருந்து கால், காலிலிருந்து தளம் என்று பிடிப்பு இறங்கி வர வேண்டும். எந்தக் கண்ணி சோப்ளாங்கியோ அதுதான் உங்கள் கூரையின் பலம். விளம்பரத்தில் வரும் ஷீட் இதில் முதல் கண்ணி மட்டுமே.

ஆகவே வேலையைக் கீழிருந்து பாருங்கள். 1996 வீடு என்றால் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, அதன் மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். மூன்று நான்கு இன்ச் கனம் இருக்கும். ஆங்கர் போல்ட் அதில் இறங்கினால் கையில் இறுகுவது போலத்தான் தோன்றும், ஆனால் பிடிப்பு கிடையாது. கால் வரும் இடத்தில் மட்டும் ஒரு சதுரமாக வெட்டி எடுத்து, கான்கிரீட் கண்ணுக்குத் தெரிந்த பிறகு துளை போட வேண்டும். அந்த இடமும் தளத்தின் நடுவில் இல்லாமல், கீழே தூண் அல்லது பீம் இருக்கும் இடமாகப் பார்க்க வேண்டும். மேல்மாடி எடுக்கலாம் என்று அந்தக் காலத்தில் தூண் கம்பிகளை நீட்டி விட்டிருப்பார்கள். உங்கள் மாடியில் அப்படி இருந்தால் அதிர்ஷ்டம், துருவைச் சுத்தம் செய்து பார்த்துவிட்டு அதையே பயன்படுத்தலாம். இல்லையென்றால் தூண் தலையில் துளை போட்டு, தூசியை ஊதி எடுத்து, கெமிக்கல் ஆங்கரில் (துளைக்குள் இறுகிப் பிடிக்கும் பசை) கம்பி நட்டு, ஓர் அடி உயரத்துக்குச் சிறு கான்கிரீட் பீடம் எழுப்பி, அதன் மேல் பேஸ் பிளேட்டை நிறுத்துங்கள். பீடம் இருந்தால் பிளேட் தேங்கும் தண்ணீரில் நிற்காது. வெட்டிய இடத்தை நீர்க்கசிவுப் பூச்சு போட்டு பீடத்தின் மேல் ஏற்றி மூடவும் முடியும். இதைச் செய்யாமல் தளத்தைத் துளைத்தால், ஒழுகலை நிறுத்தப் போட்ட ஷெட்டே புதிதாகப் பத்து ஒழுகல் வாயைத் திறந்துவிடும்.

உங்கள் வீட்டில் தூணே இல்லாமல் செங்கல் சுவர் மேல் தளம் உட்கார்ந்திருந்தால் விஷயம் மாறும். அந்தக் காலச் சிறிய வீடுகள் பல அப்படித்தான். தளத்தின் எடை அதிகம், அது காற்றுக்கு எழும்பாது. ஆனால் நாலைந்து இன்ச் பழைய தளத்தில் போல்ட் எவ்வளவு இழுப்பைத் தாங்கும் என்பதைத் தட்டிப் பார்த்து, ஒன்றிரண்டு போல்ட்டை இழுத்துச் சோதித்த பிறகுதான் சொல்ல முடியும். இந்த ஒரு விஷயத்துக்காவது உள்ளூரில் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து வந்து காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் தொகை, மொத்தச் செலவில் ஒரு மூலைக்குக் காணாது.

உயரம் 10 அடி வேண்டாம். தாழ்ந்த பக்கம் ஏழரை அடி போதும். உயரம் கூடினால் காலின் அடியில் வரும் வளைவு விசையும் கூடும், சாரலும் கூடுதலாக உள்ளே வரும். அதே போல, இன்றைக்குத் திறந்த ஷெட்டாகப் போட்டுவிட்டு, அடுத்த வருடம் துணி காயப்போட, சாமான் வைக்க என்று மூன்று பக்கம் ஷீட் அடித்து மூடிவிட்டு ஒரு பக்கத்தை மட்டும் திறந்து வைப்பார்கள். காற்றுக் கணக்கில் மிக மோசமான அமைப்பு அதுதான். திறந்த வாயில் நுழைந்த காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளிருந்து கூரையை மேலே தள்ளும், வெளிக்காற்று மேலிருந்து உறிஞ்சும். மூடும் யோசனை இருந்தால் இப்போதே சொல்லி அதற்குத் தகுந்த மாதிரி வடிவமைக்கச் சொல்லுங்கள். சோலார் பேனல் வைக்கும் எண்ணம் இருந்தாலும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

பைப்பைப் பற்றி அதிகம் நீட்ட வேண்டியதில்லை. காலுக்கு 2 இன்ச் போதாது, 3 இன்ச்சுக்குக் குறையாமல் பாருங்கள். அதைவிட முக்கியம் சுவர்க் கனம். வெளியே ஒரே அளவாகத் தெரியும் பைப், 1.6 மி.மீ. கனத்திலும் கிடைக்கும், 3 மி.மீ. கனத்திலும் கிடைக்கும். எடை போட்டு வாங்கினால் ஏமாற முடியாது. பைப்பின் இரு முனைகளையும் மூடி வெல்டு வைக்கச் சொல்லுங்கள், திறந்த வாய்க்குள் கடல்காற்று போனால் உள்ளிருந்தே அரிக்கும், வெளியே அடித்த பெயின்ட் அழகாக இருக்கும்போதே ஓட்டை விழும். வெல்டிங் சேரும் இடத்தில் சுற்றி முழுக்க ஓட வேண்டும். ஜிஐ பைப் என்றால் வெல்டு வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோயிருக்கும். கசடைத் தட்டி, பிரஷ் போட்டுத் தேய்த்து, ஜிங்க் அதிகமுள்ள பிரைமர் அடித்த பிறகே பெயின்ட். துரு மேலேயே ரெட் ஆக்சைடு அடித்து மறைப்பது உங்கள் ஊர்க் காற்றில் இரண்டு மழைக்குத் தாங்காது.

சரி, ஷீட். கடையில் 'கலர் ஷீட்' என்று ஒரே பெயரில் விற்பதற்குள் இரண்டு வேறு சரக்கு இருக்கிறது. ஒன்று வெறும் துத்தநாகம் பூசிய ஜிஐ மேல் பெயின்ட் அடித்தது. மற்றது கால்வால்யூம், அதாவது 55 சதவீதம் அலுமினியம், 43.4 சதவீதம் துத்தநாகம், 1.6 சதவீதம் சிலிக்கான் கலந்த பூச்சின் மேல் பெயின்ட் அடித்தது. 1970-களிலிருந்து உலகச் சந்தையில் இருக்கும் சரக்கு இது. இதில் அலுமினியம் அரிப்பைத் தள்ளிப்போடுகிறது, துத்தநாகம் வெட்டுமுனையையும் கீறலையும் காக்கிறது. உங்களுக்குக் கால்வால்யூம்தான் வேண்டும், பூச்சு ஏஇசட் 150, அதாவது இரு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 150 கிராம். ஒரு பக்கத்துக்கு 20 மைக்ரான்தான் வரும். விலை குறைவாகச் சொல்கிறவர் பெரும்பாலும் 70 கிராம், 100 கிராம் பூச்சைக் காட்டுவார். இரண்டும் ஒரே நிறம், ஒரே பளபளப்பு, கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. பெயர் பெற்ற நிறுவனங்களின் ஷீட்டில் பின்புறம் நிறுவனப் பெயரும் தர விவரமும் அச்சாகி வரும். அதைப் படியுங்கள். கம்பெனி பெயர் உதவுவது இங்கேதான்: சொன்ன பூச்சு உண்மையிலேயே இருக்கும் என்ற நம்பிக்கைக்கு. டாடா புளூஸ்கோப், ஜேஎஸ்டபிள்யூ மாதிரியான பெரிய தயாரிப்பாளர் எவரிடமும் ஏஇசட் 150 கேட்டால் கிடைக்கும். அவர்களுக்குள் யார் மேல் என்று என்னால் தரவரிசை போட முடியாது, போடுகிறவர்களை நான் நம்புவதும் இல்லை.

கனம் என்பது இன்னொரு ஏமாற்று இடம். 0.50 என்று சொன்னால் அது பூச்சும் சேர்த்த மொத்தக் கனம். சிலர் பெயின்டையும் சேர்த்துச் சொல்வார்கள். உள்ளே இருக்கும் இரும்பு 0.43-லிருந்து 0.46 மி.மீ. வரைதான் இருக்கும். அதனால் பில்லில் அடித்தள உலோகக் கனம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். உங்கள் கடலோரத்துக்கு மொத்தக் கனம் 0.50-க்குக் கீழே நான் போகமாட்டேன். 0.40 ஷீட் மேல் ஆள் நடந்தால் மேடு நசுங்கும், ஸ்க்ரூத் தலையைச் சுற்றிக் கிழிவதும் அதில்தான் சுலபம். லாரி வந்ததும் செய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. நான்கு அடி அகலச் சுருளிலிருந்து மடித்த 10 அடி ஷீட், 0.50 என்றால் 13, 14 கிலோ இருக்கும். 0.40 என்றால் பத்தரை கிலோ பக்கம் நிற்கும். ஒரு ஷீட்டைத் தராசில் வைத்தால் மூன்று கிலோ வித்தியாசம் பொய் சொல்லாது. ஸ்க்ரூ கேஜ் இருந்தால் இன்னும் நல்லது, ஓரத்தில் வைக்காமல் கொஞ்சம் உள்ளே தள்ளி நாலைந்து இடத்தில் வைத்துப் பாருங்கள்.

எத்தனை வருடம் வரும் என்பதற்கு நேர்மையான பதில்: ஊர் உள்ளே இருந்திருந்தால் தைரியமாக ஒரு எண் சொல்லியிருப்பேன். கடலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில், காற்று வரும் திசையில் கட்டடங்கள் மறைக்கிறதா, திறந்த வெளியா என்பதைப் பொறுத்து ஆயுள் பாதியாகவும் ஆகலாம். வாரன்டி அட்டையை எழுத்து விடாமல் படியுங்கள், கடற்கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் செல்லாது என்று அதில் ஒரு வரி இருக்கும். உங்கள் முகவரியைக் கொடுத்து, இந்த இடத்துக்கு எத்தனை வருடம் என்று எழுத்தில் கேளுங்கள். விற்பனையாளர் வாயால் சொல்லும் 'இருபது வருடம் கண்ணை மூடிக்கொண்டு' என்பதற்கு மதிப்பில்லை. ஆனால் ஒன்று உறுதியாகத் தெரியும். உப்பு முதலில் தின்பது மேல்பக்கத்தை அல்ல. மேலே படியும் உப்பை மழை கழுவிவிடும். திறந்த ஷெட்டின் அடிப்பக்கத்தில் காற்று கொண்டுவரும் உப்பு படிந்துகொண்டே இருக்கும், கழுவ ஆள் கிடையாது. அடிப்பக்கப் பெயின்டும் மேல்பக்கத்தை விட மிக மெல்லியது. ஆகவே மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை, மழை குறைவான மாதங்களில், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நல்ல தண்ணீர் ஹோஸைப் பிடித்து அடிப்பக்கத்தையும் பர்லின் மேல் விளிம்புகளையும் கழுவுங்கள். ஷீட்டின் ஆயுளைக் கூட்ட இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

ஸ்க்ரூவில் மிச்சம் பிடிக்காதீர்கள். நல்ல ஷீட்டை வாங்கி, கடையில் எடை போட்டு விற்கும் சாதா ஸ்க்ரூவை அடித்துவிட்டால், இரண்டு மூன்று வருடத்தில் ஒவ்வொரு தலையிலிருந்தும் பழுப்பு நிறக் கோடு வழிய ஆரம்பிக்கும். ஸ்க்ரூப் பூச்சுக்கும் தர வகுப்பு உண்டு. கடலோரத்துக்குக் கிளாஸ் 4 கேளுங்கள், குறைந்தது கிளாஸ் 3. ஸ்டெயின்லெஸ் போட்டால் இன்னும் நல்லது என்று தோன்றும். ஆனால் உப்பு ஈரத்தில் ஸ்டெயின்லெஸ்ஸும் இந்தப் பூச்சும் தொட்டு நின்றால் ஸ்க்ரூ பத்திரமாக இருக்கும், சுற்றியுள்ள பூச்சு கரைந்துபோகும். செம்புக்கும் இதே கதை, ஏசியின் செம்புக் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரை ஷீட் மேல் விடக் கூடாது. ஸ்க்ரூ அடிக்கும் இடம் ஷீட்டின் மேடு, தண்ணீர் ஓடும் பள்ளம் அல்ல. ஓரங்களிலும் முகட்டிலும் ஒவ்வொரு மேட்டிலும் ஒன்று, நடுவில் ஒரு மேடு விட்டு ஒன்று. பக்கவாட்டில் ஷீட்டும் ஷீட்டும் சேரும் இடத்தில் தைக்கும் ஸ்க்ரூ தனியாக வேண்டும். பர்லின் நடுவில் 4 அடி இடைவெளி, ஓரத்தில் 3 அடி.

வேலை நடக்கும்போது ஏணியில் ஏறி ஒரு ஸ்க்ரூவைக் கிட்டத்தில் பாருங்கள். தலைக்குக் கீழே ஒரு உலோக வட்டு, அதற்கும் கீழே கறுப்பு ரப்பர் வாஷர் இருக்கும். சரியாக இறுக்கியதில் ரப்பர் வட்டின் விளிம்பில் மயிரிழை அளவு எட்டிப் பார்க்கும். நன்றாகப் பிதுங்கி வெளியே சுருண்டிருந்தால் இறுக்கம் அதிகம், முதல் கோடையிலேயே வெடித்து ஒழுகும். வாஷர் விரலால் சுற்றினால் சுழன்றால் இறுக்கம் போதாது. ஸ்க்ரூ சாய்ந்து இறங்கியிருந்தால் ஒரு பக்கம் பிதுங்கி மறுபக்கம் வாய் பிளந்திருக்கும். வேகமாக முடித்துவிட்டு அடுத்த சைட்டுக்கு ஓட வேண்டும் என்று டிரில்லை அழுத்திப் பிடிக்கும் தம்பிகள் பத்துக்கு மூன்று இப்படி அடிப்பார்கள். சாய்ந்ததை எடுத்துவிட்டு அடுத்த பெரிய அளவு ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள். சிலிக்கான் பூசி மறைப்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து, ஷீட்டை வெட்டும் விதம். கிரைண்டரை வைத்து ஷீட் மேலேயே வெட்டினால் தீப்பொறியாகத் தெறிக்கும் இரும்புத் துகள் பெயின்டில் சூடாக ஒட்டிக்கொள்ளும். மறுநாள் காலைப் பனியிலேயே மிளகு தூவிய மாதிரி பழுப்புப் புள்ளி தெரியும், தேய்த்தாலும் போகாது. வெட்டுமுனையில் பூச்சும் எரிந்துவிடும். கத்தரி அல்லது நிப்ளர் (ஷீட்டைக் கடித்துக் கடித்து வெட்டும் கருவி) கொண்டுவரச் சொல்லுங்கள். அதைவிட, அளவெடுத்து மில்லிலேயே நீளத்துக்கு வெட்டி வாங்கினால் சைட்டில் வெட்டும் வேலையே அதிகம் இருக்காது. துளை போட்ட உலோகச் சீவலை அன்றன்றைக்கு மாலையே துடைப்பத்தால் கூட்டி எடுத்துவிட வேண்டும். சிமென்ட் தண்ணீர் தெறித்தாலும் உடனே கழுவ வேண்டும், ஈரச் சிமென்ட்டின் காரம் அலுமினியத்தை அரிக்கும். அந்த ஷெட்டில் ஆடு மாடு கட்டும் எண்ணம் இருந்தால் கால்வால்யூம் வேண்டாம், சாணம், மூத்திரத்தின் அமோனியா அதற்கு ஆகாது.

சாய்வு 5 டிகிரிக்குக் குறையக் கூடாது. 20 அடி அகலத்துக்கு ஒன்றே முக்கால் அடி வாட்டம் வரும். பட்டறைக்காரர்கள் ஓர் அடி போதும் என்பார்கள், சாதாரண மழைக்குப் போதும், காற்றோடு வரும் மழையில், ஷீட்டும் ஷீட்டும் சேரும் இடத்தின் வழியே தண்ணீர் ஏறி உள்ளே வரும். முடிந்தால் நீளவாக்கில் சேர்ப்பே இல்லாமல் ஒரே ஷீட்டாக வாங்குங்கள். தண்ணீர்க் கால்வாய் விஷயம் சுருக்கமாக: 800 சதுர அடியில் மணிக்கு 100 மி.மீ. மழை பெய்தால் ஒரு மணி நேரத்தில் ஏழாயிரம் லிட்டருக்கு மேல் வரும். நான்கு இன்ச் குழாய் இரண்டு வையுங்கள். ஒன்றில் இலை அடைத்தால் மற்றது காப்பாற்றும். அதை மழைநீர்த் தொட்டியில் இணைத்துவிடுங்கள், 2003-லிருந்து தமிழ்நாட்டில் அது எப்படியும் கட்டாயம்.

வெயில் பற்றிப் பயப்பட வேண்டாம். திறந்த ஷெட் தளத்துக்கு நிழல் தருவதால் கீழே உள்ள அறைகள் இப்போதைவிடக் குளிர்ச்சியாகத்தான் இருக்கும், குறிப்பாக இரவில் வித்தியாசம் தெரியும். ஷீட்டுக்கு நேர் கீழே மட்டும் மதியம் அனல் அடிக்கும். அதைக் குறைக்க நிறம்தான் முதல் மருந்து: வெள்ளை, கிரீம், வெளிர் சாம்பல். நம் ஊரில் எல்லோரும் கேட்கும் செங்கல் சிவப்பும் கரும்பச்சையும் வெயிலை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பெயின்ட் இல்லாத பளபள வெள்ளி ஷீட் வெயிலைத் திருப்பி அனுப்பினாலும், வாங்கிய சூட்டை எளிதில் வெளியே விடாது. மாடியை அறையாக மூடுவதாக இருந்தால் மட்டும் 50 மி.மீ. பஃப் பேனல் (இரண்டு ஷீட்டுக்கு நடுவே நுரை அடைத்த பலகை) யோசியுங்கள், அதுவும் தீப்பிடிக்கும் தன்மை பற்றி எழுத்தில் கேட்டுக்கொண்டு. குமிழி போட்ட வெள்ளித் தாள் ஷீட்டோடு ஒட்டி இருந்தால் பெரிய பலன் இல்லை, காற்று இடைவெளி விட்டால்தான் வேலை செய்யும். மழைச் சத்தம், நடுவில் கான்கிரீட் தளம் இருப்பதால் உங்களுக்குப் பெரிதாகக் கேட்காது.

அலுமினிய ஷீட் உப்புக்கு இதைவிட நன்றாகத் தாங்கும், ஆனால் விலை அதிகம், மிருது, இரும்புப் பைப்பை நேராகத் தொடாமல் நடுவே பட்டை வைக்க வேண்டும். பணம் ஒரு பொருட்டில்லை என்றால் பார்க்கலாம். கல்நார் ஷீட் மலிவு என்று யாராவது சொன்னால் வேண்டாம்.

பட்டறைக்காரரிடம் சண்டை வேண்டாம். கொட்டேஷனில் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒற்றை வரியாக எழுதாமல், ஷீட்டின் அடித்தளக் கனம், ஏஇசட் பூச்சு, பைப்பின் சுவர்க் கனம், ஸ்க்ரூவின் வகுப்பு, கால் நிற்கும் இடமும் அதைப் பிடிக்கும் முறையும் என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். கீழ்வீட்டின் அறைச் சுவர்கள், பீம்கள் எங்கே ஓடுகின்றன என்று ஒரு வெள்ளைத்தாளில் வரைந்து, மேற்கூரையின் அடிப்பக்கப் படத்தோடு இங்கே போட்டீர்கள் என்றால், கால்களை எங்கே நிறுத்தலாம் என்று இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.